பளபளப்புக்கும் சேதாரம் உண்டு: கார் பாலிஷ் கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் வடக்குக் கரையில் கரும்பாலைகள் ஏப்ரல் வாக்கில் ஓடத் தொடங்கும். அதிலிருந்து ஆண்டு முடியும்வரை எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான், ஊர் மட்டும் மாறும். அதனால் அதை முதலில் வைத்திருக்கிறேன். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்தும் பேனல் பீட்டர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு பாலிஷ் வேலையை மட்டும் பிடித்துக்கொண்டவன் நான். ரசாயனம் படித்தவன் இல்லை, கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டொங்காட் வாசகர்: அண்ணா, கறுப்பு போலோ வாங்கி 2 வருஷம் ஆகிறது. கரும்பைக் கொளுத்தும் நாட்களில் காலையில் கார் முழுக்கக் கரித்துகள் கிடக்கும். தாத்தா தினமும் துணியால் தட்டித் துடைத்துவிடுவார். நேற்று ராத்திரி பெட்ரோல் கராஜ் விளக்கடியில் பார்த்தேன், பானட் முழுக்கச் சிலந்தி வலை. பெயிண்ட் மட்டமா?

பெயிண்ட்டைக் குறை சொல்லாதீர்கள், தாத்தாவையும் திட்டாதீர்கள். கரும்புத் தோகையில் சிலிக்கா நிறைய உண்டு. மணலில் இருப்பதும் அதே சரக்குதான். தோகை எரிந்த பிறகும் சாம்பலில் அது தங்கிவிடும். பஞ்சு மாதிரி மெத்தென்று விழும் அந்தக் கரியை உலர்ந்த துணியால் இழுப்பது, உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பதற்குச் சமம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி கரும்புத் தோட்டத்துக்கு நம் முன்னோரைக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்ற நாளிலிருந்து கரும்பு நம்மை விடவில்லை. இப்போது காரையும் பிடித்துக்கொண்டது.

நீங்கள் பார்த்ததற்கு ஸ்வர்ல் மார்க் என்று பெயர். வட்டமாகத் தெரிவதால், துடைத்த கை வட்டமாகச் சுற்றியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி வட்டமாக அமைந்த கீறல்கள் மட்டும் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், மற்றவை ஒளிந்துகொள்ளும். இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள், வலையும் கூடவே நகர்ந்து வரும். கறுப்புக் காரில் இது கண்ணைக் குத்தும். வெள்ளையிலும் இதே அளவு இருக்கும், தெரியாது.

இந்தக் கீறல் நிறத்தில் விழவில்லை. நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறது, கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் இருக்கும். மெஷின் பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. கீறலின் அடிமட்டம் எங்கே இருக்கிறதோ அதுவரை சுற்றுப்புறத்தைச் சீவி இறக்குகிறது. ஆசாரி நகைக்கு மெருகு போட்டால் கொஞ்சம் தங்கம் போகுமே, அந்த மாதிரி இதிலும் சேதாரம் உண்டு. போன கிளியர் கோட் திரும்ப வராது.

சரி, வேலைக்கு வருவோம். நன்றாகக் கழுவி, கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டு, ரப்பர் விளிம்புகளுக்கும் ஓரங்களுக்கும் டேப் ஒட்டுங்கள். எடுத்த எடுப்பில் முழு பானட்டில் இறங்க வேண்டாம். ஒரு மூலையில் 50-க்கு 50 சென்டிமீட்டர் கட்டம் எடுத்து, மிருதுவான ஃபோம் பேடும் நைசான பாலிஷும் வைத்துப் பாருங்கள். வலை போய்விட்டால் கார் முழுக்க அதுவே போதும். போகவில்லை என்றால் முதலில் பேடை மாற்றுங்கள், அதற்கும் அசையாவிட்டால் மட்டும் காம்பவுண்ட், அதாவது அதிகம் வெட்டும் காரமான பாலிஷ். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: கடையில் இருப்பதிலேயே காரமான காம்பவுண்டை வாங்கி வந்துவிட்டு, அப்புறம் அது போட்ட தடத்தை எடுக்க என்னிடம் வருகிறார்கள்.

பேடில் பாலிஷ் நாலைந்து சொட்டு, பயறு அளவு. குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டி, நொடிக்கு 2-3 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தின வரியின் பாதியை மிதித்துக்கொண்டு போகவேண்டும். குறுக்கும் நெடுக்குமாக 4 முதல் 6 முறை. கட்டம் முடியும்தோறும் பேடைத் துலக்குங்கள். தேய்ந்து வந்த பெயிண்ட் அதில்தான் சேரும். வேலை நிழலில் நடக்கட்டும். டிசம்பர் வெயிலில் கை வைக்க முடியாத பானட்டில் பாலிஷ் போட்டால் அது அப்பளமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்தபின் தாத்தாவிடம் துணிக்குப் பதிலாக ஹோஸ் பைப்பைக் கொடுங்கள். கரி தண்ணீரில் ஓடட்டும். தண்ணீர் இல்லாத நாளில் அப்படியே விட்டுவிடுங்கள், அழுக்குக் கார் ஒரு நாள் ஓடினால் மானம் போகாது.

சாட்ஸ்வர்த் வாசகர்: மாமாவிடம் ரோட்டரி மெஷின் இருக்கிறது. நண்பர்கள் டி.ஏ. வாங்கச் சொல்கிறார்கள். செலவே வேண்டாம், ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டலாம் என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி?

அண்ணனிடமிருந்து கிரைண்டரை வாங்கி ஒளித்து வையுங்கள். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். பாலிஷ் ரோட்டரியை நான் 1,000-த்திலிருந்து 1,500-க்குள் ஓட்டுகிறேன். கணக்கு உங்களுக்கே புரியும்.

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், சூட்டையும் கிளப்பும். கை பழகாதவர் ஓட்டினால் வெயிலில் வால் வாலாகத் தெரியும் ஹாலோகிராம் தடங்கள் விழும். டி.ஏ. என்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். விளிம்பில் மாட்டினாலோ அதிகம் அழுத்தினாலோ சுற்று நின்றுபோகும், அதுவே பாதுகாப்பு. முதல் மெஷின் வாங்குபவருக்கு 15 மில்லிமீட்டர் வீச்சுள்ள டி.ஏ. சரியாக வரும். மாமாவின் ரோட்டரியைப் பேனல் பீட்டரிடம் கிடக்கும் பழைய பானட்டில் பழகுங்கள்.

ஒரு சின்னத் தந்திரம்: பேட் மாட்டும் தட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியவேண்டும். ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

ஃபீனிக்ஸ் வாசகி: ஒரு கடையில் பாலிஷ் போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் புதுக் கார் மாதிரி இருந்தது. நாலு வாரத்தில் எல்லாக் கீறலும் திரும்பி வந்துவிட்டது. நான் துடைத்ததுதான் தப்பா?

இல்லை அக்கா. கீறல் போகவே இல்லை, மூடி வைத்திருந்தார்கள். கிளேஸ் என்று எண்ணெய்ப் பசையுள்ள சரக்கு ஒன்று உண்டு, சுவரில் பட்டி பூசுவது போலக் கீறலுக்குள் போய் உட்காரும். நாலு மழை, நாலு தடவை சோப்பு, போயே போச்சு. காரை விற்கப் போகிறவர் பூசுவதற்கு அது போதும். கீறலை எடுக்கக் காசு வாங்கிவிட்டு அதைப் பூசுவது ஏமாற்று.

அடுத்த முறை காரை எடுக்கும்போது, ஐசோபிரப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து ஒரு இடத்தில் தெளித்துத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய் கலைந்தபின்னும் டார்ச் வெளிச்சத்தில் கீறல் தெரியாவிட்டால் வேலை சுத்தம். முகம் சுளிக்கிறார் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

லெனேசியா வாசகர்: டிராலி உரசி கதவில் நீளக் கோடு. மெஷினில் போகுமா?

நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் போய்விடும். நகம் மாட்டினால் முழுசாகப் போகாது. ஓரங்களை மழுக்கி, கண்ணில் படாதபடி ஆக்கலாம், அவ்வளவுதான். அடியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பிரைமர் (நிறத்துக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு) தெரிந்தால் பெயிண்ட் தொட்டு வைக்கவேண்டிய கேஸ். சில சமயம் கோடு உங்கள் பெயிண்ட்டில் இல்லாமல், டிராலியின் சாயம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அது கையால் தேய்த்தாலே வந்துவிடும், முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள் பக்கம் ஆகஸ்ட் காற்றில் பறந்து வரும் சுரங்க மேட்டுத் தூசியும் குவார்ட்ஸ்தான். டொங்காட்காரருக்குச் சொன்ன அறிவுரை உங்களுக்கும் உண்டு.

மெரிபேங்க் வாசகர்: வெள்ளை ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி). கழுவினாலும் போகாத ஆரஞ்சுப் புள்ளிகள். துருப்பிடிக்கிறதா? பாலிஷ் போடட்டுமா?

போடாதீர்கள், இப்போது வேண்டாம். அது உங்கள் பக்கியின் துரு இல்லை. ரயில் பாதை, பிரேக், பட்டறை எங்கிருந்தோ பறந்து வந்த இரும்புத் தூள் பெயிண்ட்டில் குத்திக்கொண்டு, கடற்காற்றின் உப்பில் துருப்பிடிக்கிறது. அதன்மேல் மெஷினை ஓட்டினால் இரும்புத் தூளும் பேடோடு சேர்ந்து சுற்றும். இரும்புத் தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் தெளியுங்கள். ஊதா நிறமாக ஒழுகும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்படவேண்டாம். காயவிடாமல் கழுவி, அப்புறம் கிளே பார். விரல்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள், சொரசொரப்பு ஒன்றுக்குப் பத்தாகத் தெரியும். வழவழவென்று ஆனபிறகு பாலிஷ் தேவையா என்று யோசியுங்கள். பல வெள்ளை பக்கிகளுக்குத் தேவைப்படாது.

வெருலம் வாசகர்: வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் காம்பவுண்ட் போட்டு மெஷின் பிடிக்கிறேன். சரிதானே?

ஐயோ. இப்போதே நிறுத்துங்கள்.

நைசான பாலிஷ் ஒரு முறைக்கு ஒன்றிரண்டு மைக்ரான் எடுக்கும். காம்பவுண்ட் அதற்கு மேல் எடுக்கும். இருப்பதே 40-50. அது முழுக்கத் தேய்ந்தால்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. மெலிந்த கிளியர் கோட் நம் ஊர் வெயிலில் சில வருஷத்தில் வெளுத்து, பாம்புச் சட்டை மாதிரி உரியும்.

கனம் அளக்கும் மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். அது பிரைமரிலிருந்து மேல்வரை எல்லா அடுக்கையும் சேர்த்துக் காட்டும். கிளியர் கோட்டை மட்டும் பிரித்துச் சொல்லாது. 100 முதல் 150 வரை பார்த்தால் கம்பெனி பெயிண்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். 80-க்குக் கீழே போனால் நான் மெஷினைத் தொடமாட்டேன். 200-ஐத் தாண்டினால் யாரோ மறுபடி அடித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது, அடியில் உலோகம் வேண்டும்.

மீட்டர் இல்லாத காலத்தில் நானும் பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, ரோட்டரி பிடிக்கக் கொடுத்துவிட்டார்கள் என்ற பெருமை. ஒரு நீலக் காரின் பானட் மடிப்பில், அந்தக் கூரான வரி இருக்குமே, அதன்மேலேயே பேடை ஓட்டிக்கொண்டு போனேன். மடிப்பிலும் ஓரத்திலும் பெயிண்ட் மெல்லிசாகத்தான் படிந்திருக்கும் என்று அப்போது தெரியாது. ஒரு நொடியில் நீலம் மங்கி, அடுத்த நொடியில் பிரைமர் தெரிந்தது. முதலாளி எதுவும் பேசவில்லை. முழு பானட்டையும் திரும்ப அடித்த காசு என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடிபட்டது. இன்றும் மடிப்பைக் கண்டால் முதலில் டேப்பைத்தான் தேடுகிறேன்.

தீபாவளிக்குக் கார் மின்னவேண்டும், அவ்வளவுதானே? நன்றாகக் கழுவி வாக்ஸ் போடுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகர்: அப்பாவின் பழைய சிவப்புக் கார், ரோஜா நிறத்துக்கு வெளுத்துவிட்டது. தேய்த்தால் துணியெல்லாம் சிவப்பு. பாழாக்குகிறேனா?

இல்லை. துணியில் நிறம் ஏறினால் அதில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல் அடுக்கு. வெளுத்தது மேல்தோல் மட்டும். மெதுவாக எடுத்தால் அடியில் அப்பா வாங்கிய நாளின் சிவப்பு இருக்கும். ஆனால் அதுவும் தீர்ந்துபோகும் சரக்கு. எனவே நைசான பாலிஷ், டி.ஏ. மெஷின், பேட் நாலைந்து கூடவே வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் நிறம் ஏறிவிடும். முடிந்த கையோடு வாக்ஸ் போடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி வெளுக்கும். எனக்கு இந்த மாதிரி வேலை வந்தால் சனிக்கிழமை முழுக்க அதற்கே ஒதுக்கிவிடுவேன்.

இசிபிங்கோ வாசகி: புதுக் காருக்குக் கோயிலில் பூசை போட்டோம். பானட்டில் வைத்த சந்தனம் ஒரு வாரம் கழித்துக் காய்ந்து, தேய்த்து எடுத்தேன். வட்டமாக மங்கல்.

காய்ந்த சந்தனமும் தூள்தான், உலர்வாகத் தேய்த்ததில் வந்த கீறல் அது. உள்ளங்கை அளவு இடம்தானே, மெஷின் கூட வேண்டாம். கையில் பிடிக்கும் ஃபோமும் நைசான பாலிஷும் போதும். மஞ்சள் கறை மிச்சமிருந்தால் வெயிலில் நிறுத்துங்கள், மஞ்சள் வெயிலில் தானே வெளுக்கும். அடுத்த வண்டிக்குப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள். நம்பர் பிளேட்டில் பொட்டு வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம், உங்கள் ஐயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷால்கிராஸ் வாசகர்: செராமிக் கோட்டிங் 9எச் என்கிறார்கள். போட்டால் இனிக் கீறலே விழாதா?

விழும். 9எச் என்பது பென்சிலின் கடினத்தை வைத்துச் சொல்லும் அளவு. வைரம் மாதிரிக் கற்களின் கடினத்துக்குச் சொல்லும் கணக்கோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். செராமிக் போட்டால் தண்ணீர் நிற்காது, அழுக்கு சீக்கிரம் விடும், அதனால் தேய்ப்பது குறையும். அந்த வகையில் நல்லது. பார்க்கிங்கில் காரைக் காவல் பார்க்கும் கார் கார்ட் தம்பி அன்போடு காய்ந்த துணியால் துடைத்தால் செராமிக்கும் கீறும். முக்கியமானது வரிசை: கீறலை எடுத்துவிட்டுத்தான் கோட்டிங். மேலே போட்டபின் கீறலை எடுக்கவேண்டுமானால் கோட்டிங்கையும் சேர்த்துச் சீவவேண்டும், கொடுத்த காசு அதோடு போகும்.

அதே வாசகர்: மைனா எச்சம் விழுந்த இடத்தில் பள்ளம் மாதிரி தடம். அதற்கும் பாலிஷா?

லேசான தடம் பாலிஷில் போகும். வெயிலில் வெந்து ஆழமாக இறங்கியிருந்தால் பாதிதான் போகும், துரத்தாதீர்கள். பிளாக்ஜாக் களை மாதிரி மைனாவும் நம் ஊரை விட்டுப் போகப்போவதில்லை, அதனால் டாஷ்போர்டில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மைக்ரோஃபைபர் துணியும் போட்டு வையுங்கள். பார்த்த உடனே ஊறவைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுத்துவிடுங்கள்.