தாத்தாவின் டிரங்குப் பெட்டி

அன்புள்ள ஐயா,

பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடி பி.வி. காலனியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ரங்கூனுக்குக் கூலி வேலைக்குப் போன தாத்தா, நேதாஜி படையில் சேர்ந்தார் என்று ஆயா சொல்லும். ஆயா போன பிறகு தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஜப்பான்காரன் அச்சடித்த ரூபாய் நோட்டு ஒரு கட்டு, வாழைமரம் போட்ட பத்து டாலர் ஒன்று, இந்திய வரைபடம் பொறித்த பித்தளை பேட்ஜ் ஒன்று. பழைய நோட்டு வாங்குகிறவர் நல்ல விலை தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? தாத்தா படையில் இருந்ததற்கு இவை சாட்சி ஆகுமா?

வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டு சாட்சி ஆகாது. ஜப்பான் ஆட்சியில் பர்மாவில் மீன் வாங்கியவர், முடி வெட்டிக்கொண்டவர் எல்லோர் கையிலும் அதுதான் புழங்கியது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் செல்லாக்காசானது. இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. அதற்குப் போய் ஒருவர் நல்ல விலை சொல்கிறார் என்றால், அவர் கண் பேட்ஜ் மேல் இருக்கிறது.

வாழைமர நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த நோட்டுகளில் ஆங்கில எழுத்துகள் சிவப்பிலோ கறுப்பிலோ இருக்கும். முதல் எழுத்து 'பி' என்றால் பர்மாவுக்கு அடித்தது, 'எம்' என்றால் மலாயாவுக்கு. பர்மாவில் ரூபாய், மலாயாவில் டாலர். வாழைமரப் பத்து, மலாயா நோட்டு. ரங்கூன் கூலிக்காரர் பெட்டிக்குள் அது எப்படி வந்தது? 1944 தொடக்கத்தில் நேதாஜி தலைமையகத்தை சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்கு மாற்றினார். மலாயாவில் ரப்பர் மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த நம் ஆட்களும் படையோடு பர்மாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் நினைவாகக் கொடுத்திருக்கலாம். சீட்டாட்டத்தில் ஜெயித்ததாகவும் இருக்கலாம். தாத்தாக்களை ரொம்பவும் உயர்த்தி வைக்கக்கூடாது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1964. பர்மாவில் நெ வின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, அந்த நாட்டுப் பணமான கியாட்டில் ஐம்பது, நூறு நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. கப்பலேற வந்த நம்மவர்களிடம் நகையையும் பணத்தையும் துறைமுகத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். செல்லாத ஜப்பான் நோட்டை யார் பிடுங்குவார்கள்? எது சென்னை வந்து சேரவேண்டும் என்பதைத் தாத்தா பாதி, ரங்கூன் சுங்கக்காரன் பாதி முடிவு செய்திருக்கிறார்கள்.

பேட்ஜைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நோட்டை லேமினேட் செய்யாதீர்கள். இப்போதைக்கு எதையும் விற்கவும் வேண்டாம்.

படையில் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் காகிதத்தைத் தேடுங்கள். 1972இல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது, பொதுவாக ஆறு மாதச் சிறைக்குச் சான்று கேட்டார்கள்; ஆங்கிலேயரிடம் கைதாகி அடைபட்ட நேதாஜி படையினரும் இதில் அடக்கம். சிறை ஆவணம் கிடைக்காதவர்கள் கூட இருந்த கைதிகளிடம் சான்றிதழ் வாங்கி இணைத்தார்கள். தாத்தா விண்ணப்பித்திருந்தால் நகல் வீட்டில் எங்காவது இருக்கும். பெட்டியின் அடியில் விரித்திருக்கும் தாளையும் தூக்கிப் பாருங்கள். கிடைத்தால், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் ஊரும் அதில் இருக்கும். அவர் குடும்பம் உங்களுக்கு நாலு தெரு தள்ளி, எருக்கஞ்சேரியிலேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை.