பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, நாங்கள் எந்த மொழியில் பேசுவது? – வாசகர் கேள்வி பதில்

காது கேளாத பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். மும்பையிலிருந்து மட்டுமே இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு 4 வயது. போன வருஷம்தான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது, ஹியரிங் எய்ட் போட்டிருக்கிறோம். "கையைக் காட்டிப் பேசாதீர்கள், அப்புறம் வாயையே திறக்க மாட்டான்" என்று ஸ்பீச் தெரபியில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். மாமியாரும் அதையேதான் சொல்கிறார். வீட்டில் தமிழ், கீழே இறங்கினால் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். இதோடு சைகை மொழியும் சேர்ந்தால் பிள்ளை தாங்குவானா?
– ஒரு தாய், தாராவி

தாங்குவான் அம்மா. இந்த நாலு மொழியில் எது அவனுக்கு இன்றைக்கு முழுசாகப் போய்ச் சேருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மற்றது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை "ஏன்" கேட்கிறது? அத்தனை "ஏன்" உங்கள் மகனிடமும் இருக்கிறது, கேட்பதற்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. மொழி உள்ளே போய் உட்காருகிற வயது முதல் ஐந்து வருஷம், அதில் உங்களுக்குக் கொஞ்சம்தான் மிச்சம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கையால் பேசினால் வாய் திறக்காது என்பது பழைய நம்பிக்கை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு ஒன்று நடந்தது, அங்கே கூடிய ஆசிரியர்கள் வகுப்பில் சைகையே கூடாது, பேச்சு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 வருஷம் போய்விட்டது! நான் முதலில் வேலை பார்த்த பள்ளியிலும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பெஞ்சுக்கு அடியில் அத்தனை கையும் பேச ஆரம்பிக்கும், வீட்டுக் கதை, சினிமாக் கதை, சண்டை, சமாதானம் எல்லாம். பாடம் மட்டும்தான் அந்தக் கைகளுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வானே என்று மாமியார் கேட்டால், கண்ணாடி முன்னால் நின்று சத்தம் இல்லாமல் "பாடு" என்றும் "மாடு" என்றும் அவரையே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். "க" தொண்டைக்குள்ளேயே பிறந்து போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே மொழி தெரிந்தவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார். மொழியே இனிமேல்தான் வரவேண்டிய பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

ஹியரிங் எய்டைக் கழற்றச் சொல்லவில்லை, தெரபியை நிறுத்தவும் சொல்லவில்லை. இரண்டும் நடக்கட்டும், கூடவே கையும் பேசட்டும். நாளைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் கருவி, வைத்தாலும் (தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் திட்டத்தில் பண உதவி கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்) குளிக்கும்போதும் தூங்கும்போதும் அதன் வெளிப்பகுதியைக் கழற்றித்தான் வைப்பார்கள். அப்போதும் அவன் உங்கள் மகன்தானே, அவனிடம் பேச வேண்டாமா?

சயான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் சைகை படிக்க வந்தார். மகளுக்கு 5 வயது. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் விழுகிற நாளெல்லாம் அந்தக் குழந்தை ராத்திரி ஏழு மணிக்கு வாசலில் போய் நிற்கும், அழுது அழுது அங்கேயே தூங்கிப் போகும். "அப்பா காலையில் வருவார்" என்ற மூன்று வார்த்தையை அதற்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை. மூன்று மாதத்தில் அம்மா நேற்று, நாளை, காலை, வேலை என்று தினப்படி வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நைட் ஷிஃப்ட் அன்றைக்குச் சப்பாத்தி மாவு ஒட்டிய கையாலேயே விஷயத்தைச் சொன்னாராம். குழந்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டதாம், "அப்பா சாப்பிட்டாரா?" அந்தக் கேள்வி அதற்குள் எத்தனை நாளாக இருந்ததோ.

எந்த மொழி என்பதற்கு என் பதில், வீட்டில் சைகை மொழி, அதோடு நீங்கள் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ். இந்தியச் சைகை மொழியில் ஊருக்கு ஊர் சில வார்த்தைகள் மாறும், இலக்கணம் ஏறக்குறைய ஒன்றுதான், நாளைக்கு அவன் சென்னைக்குப் போனாலும் டெல்லிக்குப் போனாலும் கைகொடுக்கும். பள்ளியில் மூன்று மொழி என்று பயமுறுத்தினால், 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டுங்கள். இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்குத் தரும் ஏற்பாடு அதில் எழுதியே இருக்கிறது.

செம்பூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காது கேளாத பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். யூடியூப் பார்த்து 200 சைகை மனப்பாடம் செய்துகொண்டு போனேன், பிள்ளைகள் விழிக்கிறார்கள். எங்கே தப்பு? முறையாகப் படிக்க எங்கே போவது?
– ஐ.டி. ஊழியர், செம்பூர்

முதலில் நீங்கள் பார்த்த வீடியோ எந்த நாட்டுடையது என்று பாருங்கள் தம்பி. எழுத்துகளை ஒற்றைக் கையால் காட்டினால் அது பெரும்பாலும் அமெரிக்கச் சைகை மொழி. நம்முடையதில் ஆங்கில எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும், ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஐந்து நுனிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அமெரிக்கச் சைகையை இங்கே காட்டுவது, மாட்டுங்காவில் பூக்காரம்மாவிடம் பிரெஞ்சில் முழம் என்ன விலை என்று கேட்பது மாதிரிதான்.

அடுத்தது வார்த்தை வரிசை. ஆபீஸ் பழக்கத்தில் ஆங்கில வரிசையில் யோசித்துக் கையைக் காட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் யோசியுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். "உன் பெயர் என்ன" என்கிறோம், கேள்வி வார்த்தை கடைசியில் வருகிறது. இந்தியச் சைகை மொழியிலும் அப்படித்தான். "சாப்பாடு வேண்டாம்" என்பதில் மறுப்பு கடைசியில் வருகிற மாதிரி அங்கேயும் மறுப்பு கடைசியில்தான். முகத்தையும் விட்டுவிடாதீர்கள், ஆமா இல்லையா என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவம் மேலே போகவேண்டும், புருவம் அசையாவிட்டால் அது கேள்வியே இல்லை.

கணக்கில் நான் அடிக்கடி பார்த்த ஒரு சிக்கலைச் சொல்கிறேன். 7+3 போட்டால் பிள்ளைகள் டக்கென்று 10 என்பார்கள். "அக்காவிடம் 7 மாம்பழம், தம்பியிடம் அதைவிட 3 அதிகம்" என்றால் நின்றுவிடுவார்கள். அங்கே மாட்டிக்கொள்வது கணக்கு இல்லை, "விட" என்ற ஒரு வார்த்தை. இரண்டு வரிசை கோலிகுண்டை மேஜையில் அடுக்கி, ஒரு வரிசை நீண்டு நிற்பதைப் பார்க்கவிட்டு, அப்புறம் சைகை, அதற்கப்புறம் எழுத்து என்று போங்கள். கோலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை ஆட்டிப் பேசாதீர்கள். காது கேட்கிற பிள்ளை நோட்டைப் பார்த்துக்கொண்டே உங்கள் பேச்சையும் கேட்கும், இவர்களுக்கு இரண்டு வேலையும் கண்ணுக்குத்தான். பார்த்து முடித்து உங்கள் முகத்துக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். புதிதாக வருகிற ஆசிரியர்களிடம் இந்தக் காத்திருப்பைத்தான் நான் முதலில் சொல்வேன், அதுதான் அவர்களுக்குக் கடைசியில் வருகிறது.

படிக்க இடம் கேட்டிருக்கிறீர்கள். பாந்த்ராவில் 1983இலிருந்து இயங்கும், காது கேளாதோருக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் போய் விசாரியுங்கள். மொழிபெயர்ப்பாளராகவே ஆக ஆசை இருந்தால் அதற்கு 2 வருஷ டிப்ளமோ படிப்பு இருக்கிறது. டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வெளியிட்ட அகராதியில் 2021 பதிப்போடு 10,000 சொற்கள் வந்துவிட்டன, சைன் லேர்ன் என்ற செயலியாகவும் போனில் கிடைக்கிறது. ஆனால் வீடியோவோடு நிறுத்திவிடாதீர்கள். காது கேளாத ஒருவரிடம் மாணவராக உட்காருங்கள், அவர் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். அவருடைய மொழியை அவரிடம்தான் கற்கவேண்டும். செப்டம்பர் 23 சர்வதேசச் சைகை மொழிகள் தினம், அன்றைக்கு அவர்கள் கூடுகிற இடத்துக்குப் போனால் உங்களுக்கு ஆசிரியரே கிடைத்துவிடுவார்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் ஒரே ஒரு மாணவிக்குக் காது கேட்காது. "நான் கடை போ அம்மா" என்கிற மாதிரியே எழுதுகிறாள். மற்ற 35 பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?
– ஆசிரியை

டீச்சர், அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். "கடைக்கு", "அம்மாவோடு" என்பதில் வரும் "க்கு", "ஓடு" எல்லாம் நாம் காதால் ஆயிரம் தடவை கேட்டுக் கேட்டு வந்தவை. அவள் ஒருதடவைகூடக் கேட்டதில்லை, புத்தகத்தில் கண்ணால்தான் பார்த்திருக்கிறாள். சரியான வாக்கியத்தை அவள் வாக்கியத்துக்குக் கீழே எழுதி, மாறின இடத்தை மட்டும் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். எழுதிக்கொண்டே பேசாதீர்கள். அவளை முதல் பெஞ்சில் உட்கார வைப்பதைவிட, பக்கவாட்டில், மற்ற பிள்ளைகள் முகமும் தெரிகிற இடம் நல்லது. பள்ளிப் பாடப் புத்தகங்களைச் சைகை மொழியில் கொண்டுவர மத்திய அரசின் பாடப் புத்தக நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யும் நான் மேலே சொன்ன டெல்லி மையமும் 2020இல் ஒப்பந்தம் போட்டன, அந்த வீடியோக்கள் தீக்ஷா என்ற அரசு இணையதளத்தில் இருக்கின்றன. 2024 டிசம்பரில் சைகை மொழிக்கென்றே பி.எம். இ-வித்யா என்ற அரசுக் கல்வி டிவி வரிசையில் 31ஆம் சேனல் வந்திருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியில் சைகை மொழியைப் பத்தாம் வகுப்பில் ஒரு பாடமாகவே எழுதலாம்.

இதையெல்லாம் நீங்கள் ஒருவரே தலையில் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லமாட்டேன். சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிப்பது அரசின் கடமை என்று நான் மேலே சொன்ன சட்டமே சொல்கிறது, தலைமை ஆசிரியர் மூலம் எழுத்தில் கேளுங்கள். ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள், அந்த வகுப்பில் அவளோடு அவள் மொழியில் வம்பளக்க ஒரு ஆள் இல்லை. அவளைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியை அவள் அம்மா அப்பா ஒருமுறை நேரில் பார்க்கட்டும், ரீசஸ் நேரத்தில் போய்ப் பார்க்கட்டும். அதுவரை தினம் 5 நிமிஷம் அவளையே முன்னால் நிறுத்தி, வகுப்புக்கு 3 சைகை கற்றுத்தரச் சொல்லுங்கள். 35 பிள்ளைகள் உங்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

எனக்கு 71 வயது. பேத்திக்கு 8 வயது, காது கேட்காது. மகனும் மருமகளும் சைகையில் பேசுகிறார்கள், நான் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விரல்களில் மூட்டுவலி வேறு. இனிமேல் எனக்கு வருமா?
– மாட்டுங்கா வாசகர்

வரும் ஐயா. விரல் முழுசாக மடங்காவிட்டாலும் பேத்திக்குப் புரியும், பல்லில்லாத தாத்தா பேசுவது பேரப்பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிதான். அவளையே டீச்சராக வைத்துக்கொள்ளுங்கள். காது கேளாதவர்கள் தங்களோடு பழகுகிறவருக்கு ஒரு பெயர்ச் சைகை வைப்பார்கள், மீசை, நடை, ஏதாவது ஒரு பழக்கம், அதிலிருந்து வரும். வீட்டில் உங்களுக்கு அவள் ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பாள், உங்களுக்குத்தான் தெரியாது. இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவள் தோளைத் தொட்டுக் கூப்பிட்டு, அது என்னவென்று கேளுங்கள்.