பொக்லைன் ஹைட்ராலிக் வேலைக்கு மகனை அனுப்பலாமா? குன்னூர் தாயாருக்குப் பதில்

ஐடிஐயில் மெக்கானிக் டீசல் முடித்த மகன் பொக்லைன் வண்டியில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பக்கம் போகிறேன் என்கிறான், ஆயில் பீய்ச்சிக் கை போய்விடும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம் அம்மா. ஆனால் எந்தப் பட்டறை என்று பார்த்து அனுப்புங்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் அழுத்தம். மண் அள்ளும் பேக்ஹோ லோடரின் ஹோஸ் பைப்பில் 200 முதல் 250 பார், பெரிய எக்ஸ்கவேட்டரில் 350 பார் வரை ஓடும். ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு 7 பார் இருந்தாலே போதும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் விரலை இழக்கிறார்கள். மலையிலிருந்து கோவைக்கு இறங்கவே நேரமாகும் என்பதால், கை அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். போனதும் "ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் ஏறிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு நீள அட்டையோ பலகைத் துண்டோ போதும். கையால் தடவவே கூடாது. கையுறை போட்டிருந்தாலும் அது காப்பாற்றாது.

பட்டறையை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். வண்டி வந்ததும் மெக்கானிக் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல பட்டறையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பக்கெட்டைத் தரையில் இறக்குவார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து எல்லா லீவரையும் இருபுறமும் பலமுறை ஆட்டுவார்கள். இன்ஜின் நின்ற பிறகும் பைப்பிலும், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டரிலும் அழுத்தம் தங்கியிருக்கும், அது அப்படித்தான் இறங்கும். பிறகு டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து காற்றை வெளியேற்றி, சாவியை எடுத்து மெக்கானிக்கே பையில் போட்டுக்கொள்வார். தூக்கி நிறுத்திய பூமுக்கு (வண்டியின் பெரிய கைக்கு) கீழே இரும்பு முட்டு இல்லாமல் ஆளை நுழையச் சொல்லும் இடமென்றால் அன்றைக்கே பையனைக் கூட்டிவந்துவிடுங்கள்.

அடுத்ததாக அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். 250 பார் வண்டிக்கு 400 பார் கேஜ், 350 பார் வண்டிக்கு 600 பார் கேஜ் இருக்க வேண்டும். ஆயில் சுமார் 50 டிகிரி சூடான பிறகு, அழுத்தம் பார்க்க வைத்திருக்கும் டெஸ்ட் போர்ட்டில் கேஜை மாட்டி, ஒரு லீவரைக் கடைசிவரை தள்ளிச் சில நொடிகள் மட்டும் பிடித்து அளவைப் படிக்க வேண்டும். பலம் குறைந்தால் கோளாறு அழுத்தத்தில், வேகம் குறைந்தால் ஆயில் ஓட்டத்தில். இந்த வித்தியாசம் புரிந்த பையன் பாதி மெக்கானிக் ஆகிவிட்டான். எல்லா அசைவும் மந்தமென்றால் ஆயில் அளவு, ஃபில்டர், பிறகு அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் மெயின் ரிலீஃப் வால்வு, கடைசியில் பம்ப் என்று போக வேண்டும். ஒன்று மட்டும் மந்தமென்றால் அந்த சிலிண்டரையோ அதற்கு ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்பூலையோ (கண்ட்ரோல் வால்வின் உள்தண்டு) பார்த்தால் போதும்.

கேஜ் இல்லாமல் ரிலீஃப் ஸ்க்ரூவை முறுக்கிப் பலம் ஏற்றுவது இந்தத் தொழிலில் பரவியிருக்கும் கெட்ட பழக்கம். அன்றைக்கு வண்டி நன்றாகத் தூக்கும், பிறகு ஹோஸ் வெடிக்கும். கம்பெனி கொடுத்த அளவைத் தாண்டாமல், கேஜைப் பார்த்துக்கொண்டே கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும்.

பக்கெட் தானாகத் தளர்ந்தால் உடனே சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் கிட் வாங்கச் சொல்வார்கள். அதற்கு முன் செய்ய ஒரு சோதனை உண்டு. பக்கெட் சிலிண்டரை முழுதாக நீட்டி, பூமைத் தரையில் தாங்கவைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு, ராட் (சிலிண்டரிலிருந்து நீளும் தண்டு) பக்க ஹோஸைக் கழற்ற வேண்டும். ஹோஸ் வாயை அந்த அழுத்தம் தாங்கும் இரும்பு பிளக்கால் அடைக்க வேண்டும். மரத்தக்கையும் துணியும் ஆகாது, லீவரைத் தப்பித்தவறி மறுபக்கம் தள்ளினால் முழு அழுத்தமும் அந்த அடைப்பில்தான் மோதும். ஆட்களை விலக்கிவிட்டு, இன்ஜினை ஓட்டி, நீட்டும் பக்கமே லீவரைப் பிடித்தால், சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து தேங்கிய ஆயில் கொஞ்சம் சொட்டி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. நின்றால் சீலை விட்டுவிட்டுக் கண்ட்ரோல் வால்வைப் பார்க்க வேண்டும்.

நம் மலைக்கென்று சில கோளாறுகள் உண்டு. ஊட்டியின் டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஆயில் கெட்டிப்படும். எடுத்த எடுப்பில் வேகம் கொடுத்தால் பம்ப் கத்தும், உள்பாகம் அரிக்கும். பத்து நிமிடமாவது மெதுவாக ஓடவிட வேண்டும். மூடுபனிக் காலத்தில் டேங்கின் உள்ளே நீர் கோத்து ஆயில் பால் மாதிரி வெளுக்கும். சரிவில் வேலை செய்யும்போது உறிஞ்சும் வாய்க்குக் காற்று ஏறினாலும் ஆயில் வெளுக்கும். கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் காற்று கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், நீர் தெளியாது.

வேலை கிடைக்குமா என்றால், நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருப்பதால் உள்ளூரில் வண்டிகள் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும் நாட்களில் மட்டும் தேவை கூடும். அதனால் முதல் சில வருடம் கோவையிலோ ஓசூரிலோ கற்பதுதான் சரி. குந்தா போன்ற நீர்மின் நிலையங்களின் டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதுதான் என்பதால், இதே படிப்பு பிற்காலத்தில் அங்கேயும் உதவும்.

சேர்க்கும்போது வாய்ப்பேச்சோடு விடாமல், 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் பயிற்சிக்காலக் காயத்துக்கு இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியுடையது. ஒப்பந்த நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.