வீட்டு கேக்கில் கிரீம் பூசும்போது தூள் ஒட்டாமல், பூ சரியாமல் இருக்க என்ன செய்வது?

பிறந்தநாள் கேக்கில் பட்டர்கிரீம் (வெண்ணெயும் ஐசிங் சுகரும் சேர்த்து அடித்த கிரீம்) பூசினால் கேக் தூளெல்லாம் சேர்ந்து வருகிறது, கப்கேக்கில் போட்ட கிரீம் பூ சரிகிறது என்கிறீர்கள். பூ சரிவதற்கு முக்கால்வாசி நேரம் காரணம், கேக் ஆறாததுதான். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். மேலே தொட்டால் ஆறியதுபோல் தெரியும், உள்ளே சூடு இருக்கும். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

தூளுக்கு வழி, இரண்டு பூச்சு. முதலில் கேக் லேசாகத் தெரியும்படி மெல்லிசாகப் பூசி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் தாராளமாக அடுத்ததைப் பூசலாம். உதிர்ந்த தூள் கீழ்ப்பூச்சிலேயே சிக்கிக்கொள்ளும். முதல் பூச்சுக்கான கிரீமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியில் ஒட்டியதைப் பெரிய பாத்திரத்தில் வழித்தால் மொத்தமும் பாழ்.

பூ நிற்க 100 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சுகர். இறுக்கமாக இருந்தால் பாலை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகச் சேருங்கள். பைப்பிங் பையில் (பூ பிழியும் பை) பாதிதான் நிரப்ப வேண்டும், கைச்சூட்டிலேயே கிரீம் இளகிவிடும்.

நிறத்துக்கு ஜெல் கலர் நல்லது. தண்ணீர் மாதிரியான கலரை நிறைய ஊற்றினால் கிரீம் நீர்த்துப்போகும். சிவப்பும் கறுப்பும் நேரம் ஆக ஆக அடர்த்தியாகும், அதனால் கொஞ்சம் வெளிறலாக இருக்கும்போதே நிறுத்துங்கள். ஃபாண்டன்ட் (மாவு போன்ற சர்க்கரைக் கலவை) பொம்மைகள் பார்க்க அழகு; சாப்பிடத்தான் ஆள் கிடைக்காது! ஸ்பிரிங்கிள்ஸ் (குட்டிக் கலர் மிட்டாய்கள்) போடுவதானால் பூசிய கையோடு தூவுங்கள், மேலே காய்ந்துவிட்டால் ஒட்டாது.