வட்டார மனித உரிமைச் சட்டத்தால் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்த முடியுமா?

ஒரு கண்டத்தின் நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட உரிமை உடன்படிக்கையும் அதைக் காக்கும் நீதிமன்றமும் சேர்ந்ததுதான் வட்டார மனித உரிமைச் சட்டம். ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா மூன்றுக்கும் தனித்தனியே உண்டு.

ஐரோப்பிய உடன்படிக்கை 1950-இல் கையெழுத்தானது. அப்போது கணினியே அரிது. இருந்தும் செயற்கை நுண்ணறிவுக்கும் பொருந்துகிறது. காரணம், அது கருவியைப் பார்ப்பதில்லை, மனிதருக்கு நேர்ந்த பாதிப்பைப் பார்க்கிறது. பாதசாரிக்கு வழிவிடு என்னும் சாலைவிதி, வருவது மாட்டுவண்டியா மின்சாரக் காரா என்று கேட்பதில்லை அல்லவா? மாஸ்கோ மெட்ரோவில் தனியாளாக அமைதியாகப் போராடியவரை முக அடையாளத் தொழில்நுட்பத்தால் தேடிப் பிடித்தது தனிவாழ்க்கை உரிமையையும் (பிரிவு 8) கருத்துரிமையையும் (பிரிவு 10) மீறியது என்று 2023 ஜூலையில் ஸ்திராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் சோதிப்பவை: தெளிவான சட்டம் இருந்ததா, நோக்கம் நியாயமானதா, ஜனநாயகத்தில் அவ்வளவு தலையீடு தேவைதானா. பெரும்பாலும் கடைசிக் கேள்வியில்தான் அரசுகள் சறுக்குகின்றன.

பலவீனம் வேகம்தான். உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்து, இறுதித் தீர்ப்பிலிருந்து 4 மாதத்துக்குள் மனு போட வேண்டும். பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் மென்பொருளே மாறிவிடும். மாறாக, 2024 செப்டம்பரில் லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு உடன்படிக்கை, ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடும் பொறுப்பை நாடுகள்மீது வைக்கிறது.

மென்பொருள் நிறுவனத்தின் மீதே ஸ்திராஸ்பூர்க் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, பிரதிவாதி அரசுதான், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக அதைக் கேள்வி கேட்கலாம்.