தப்பித்தல் என்கிற வசவு

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். ஜெர்மன் பழகலாமென்று மிஷாயேல் எண்டேயின் ‘முடிவில்லாத கதை’யை எடுத்தேன். சரியாகத் தூங்கி இரண்டு வாரமாகிறது. அதில் வரும் வீரச்சிறுவன் அட்ரேயுவோடும் அதிர்ஷ்ட டிராகனோடும் பறந்துகொண்டே இருந்தேன். ஆனால் அறைத்தோழர்கள் ‘சின்னப்பிள்ளைப் புத்தகம்’ என்கிறார்கள். படிப்பிலிருந்தும் வேலை பற்றிய பயத்திலிருந்தும் தப்பித்து ஓடுகிறேனோ என்று எனக்கே குற்ற உணர்வாக இருக்கிறது. அடுத்து எதை வாசிப்பது? 1984-இல் வந்த படத்தைப் பார்க்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

படத்தை விடுங்கள். எண்டேயே அதை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றார். பாதிக் கதையோடு நின்றுவிடும் படம் அது. அறைத்தோழர்களையும் விடுங்கள்.

குற்ற உணர்வு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. இந்த வயதில் அயல்மொழி நாவல் ஒன்றைத் தூக்கம் கெட்டு வாசிப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை, அதற்குப் போய் வெட்கப்படுவதா? ‘தப்பித்தல்’ என்ற வசவை எண்டேயும் வாங்கியவர்தான். சமூகப் பொறுப்பில்லாத எழுத்து என்று சொந்த நாட்டு விமர்சகர்கள் துளைத்தெடுக்க, சலித்துப்போய் எழுபதுகளின் தொடக்கத்தில் ரோமுக்குப் பக்கத்தில் ஜென்சானோவுக்குக் குடிபோனார். ‘மோமோ’வும் (1973) நீங்கள் வாசித்த நாவலும் (1979) அந்த இத்தாலி வாழ்க்கையில் வந்தவை. அரசியல் தெரியாதவரா அவர்? அப்பா எட்கர் எண்டே கனவுக்காட்சிகளை வரைந்த ஓவியர். 1936-இல் நாஜி அரசு அவர் தொழிலுக்கே தடை போட்டது. 1944-இல் மியூனிக் குண்டுவீச்சில் அவரது ஓவியக்கூடம் படங்களோடு எரிந்துபோனது. கற்பனை வெறும் பொழுதுபோக்கு என்றால், அவ்வளவு பெரிய ராணுவம் வைத்திருந்த அரசு ஒரு தூரிகைக்கு ஏன் பயந்தது?

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1813 ஆகஸ்டில் நெப்போலியன் அங்கே போரிட்டபோது எழுத்தாளர் ஈ.டி.ஏ. ஹாஃப்மன் டிரெஸ்டனில்தான் இருந்தார், பீரங்கிச் சண்டையை நேரில் பார்த்தார். அதே ஆண்டு முடிவதற்குள் ‘பொற்குடம்’ என்ற மாயக்கதையை எழுதத் தொடங்கிவிட்டார். அதன் நாயகனும் உங்களைப்போல ஒரு மாணவன். ஊர் வாசலில் ஓடிவந்து ஆப்பிள்காரக் கிழவியின் கூடையில் விழுகிறான், அப்புறம் எல்பே ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் பொன்பச்சைப் பாம்புகள் பேசுவதைக் கேட்கிறான். பிணங்களைப் பார்த்த கண் எழுதியது இது. இதற்கும் தப்பித்தல் என்றுதான் பெயர் வைப்பீர்களா?

சரி, இப்போது உங்களைத் திட்டியே ஆகவேண்டும். கடிதத்தில் அட்ரேயு இருக்கிறான், டிராகன் இருக்கிறது, அவர்கள் கதையை வாசித்துக்கொண்டே அதற்குள் போய்விடும் பையன் பாஸ்டியன் எங்கே? கற்பனை உலகுக்குள் போனபிறகு அவனுடைய ஆசை ஒவ்வொன்றும் நிறைவேற நிறைவேற அவனுடைய நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறதே, அதை எப்படி விட்டீர்கள்? நினைவெல்லாம் தீர்ந்தவர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் ஒரு நகரத்தில் எழுத்துப் பகடை உருட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். தப்பித்து ஓடுவதன் ஆபத்தை இவ்வளவு கடுமையாகச் சொன்ன யதார்த்த நாவல் எனக்குத் தெரிந்து இல்லை. கடைசியில் பாஸ்டியன், மறந்த கனவுகள் படங்களாகப் புதைந்திருக்கும் சுரங்கத்தில் இருட்டில் நாள்கணக்காகத் தோண்டுகிறான். அவனைத் தொடும் படம் ஒன்றே ஒன்று. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் ஆள், கையில் பிளாஸ்டர் பல்செட், உடம்பு முழுக்கப் பனிக்கட்டிக்குள் உறைந்திருக்கிறது. அவனுக்கு அது யாரென்றே தெரியவில்லை. அவனுடைய அப்பா! பல்செட் செய்பவர், மனைவி இறந்தபிறகு மகனோடு பேச்சை மறந்தவர். யாரென்று தெரியாத அந்த மனிதர்மேல் பையனுக்குப் பொங்குகிற ஏக்கம்தான் அவனை வீடு சேர்க்கிறது.

அந்த இரண்டாம் பாதியை இன்னொருமுறை நிதானமாக வாசியுங்கள். ‘பொற்குடம்’ அப்புறம். பழைய நடை, முதலில் முரண்டு பிடிக்கும், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டாமல் போய்க்கொண்டே இருங்கள். முடித்ததும் எனக்கு எழுதுங்கள், பாஸ்டியனைப் பற்றியும் சேர்த்து.