வலியோடு சம்மணமிட்டு உட்கார வேண்டியதில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்). மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஆனாலும் காலை 11 மணிக்கே உடம்பு அடித்துப்போட்டது போல் ஆகிவிடுகிறது. மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி, செய்து பாருங்கள் என்றார்கள். சம்மணமிட்டு மூச்சைக் கவனித்தால் முட்டி வலிதான் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு இது சரிப்படாதா?

பதில்: சரிப்படும். முதலில் சம்மணத்தை விடுங்கள். 1979-ல் உயிரியல் ஆய்வாளர் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பே, நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களை மனதில் வைத்து உருவானதுதான். அதில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது, படுத்தபடி செய்யும் ‘பாடி ஸ்கேன்’.

கவனத்தைக் கால்விரலில் தொடங்கி, உடம்பின் ஒவ்வொரு பகுதியாக மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வலிக்கிற இடம் வந்தால் குத்துகிறதா, எரிகிறதா, எதுவரை பரவியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தாங்கவில்லையென்றால் வலியில்லாத இடத்துக்கு, உதாரணமாகக் காது மடலுக்கு, கவனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் போதும். தூங்கிவிட்டாலும் பரவாயில்லை.

களைப்புக்கு இதைவிடவும் உதவுவது, வேலைக்கு நடுவே கவனிப்பது. அடுத்த முறை வெங்காயம் நறுக்கும்போது பாருங்கள்: கத்தியைப் பிடித்த விரல்கள் இறுகும், தோள் காதை நோக்கி ஏறும், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். உடம்பு ஓய்ந்துபோவதற்கு முன்பே அது சொல்லும் சேதி இது. நாமோ, ‘இதை முடித்துவிட்டு உட்காரலாம்’ என்போம். அந்த நினைப்பு வரும்போதே கத்தியைக் கீழே வையுங்கள். பாதி வெங்காயம் அப்படியே கிடக்கட்டும், நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள். உடம்பு லேசாக இருக்கிற நாளில்தான் இது இன்னும் முக்கியம். அன்றைக்குத்தானே இருக்கிற துணியெல்லாம் துவைத்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுகிறோம்!

அப்புறம், ‘இப்படியே முடங்கிவிடுவேனோ’, ‘வீட்டில் சோம்பேறி என்று நினைப்பார்களோ’ என்றெல்லாம் மனசு ஓடும். அதை அடக்கப் பார்க்காதீர்கள். ‘இது களைப்பு, இது பயம்’ என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகச் சேரும்போதுதான் பாரம் தாங்க முடியாததாகிறது.

இந்தப் பயிற்சி மூட்டு வீக்கத்தைக் குணமாக்காது, மாத்திரையை நிறுத்தவே கூடாது. 11 மணிக்கே ஓய்ந்துபோகிறேன் என்பதை உங்கள் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். நோய் கட்டுக்குள் இல்லாததாலோ, ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலோ இப்படி ஆகலாம். இவற்றுக்குத் தனியே சிகிச்சை இருக்கிறது. கண்ணை மூடினால் துக்கமோ பதற்றமோ அதிகமானால், கண்ணைத் திறந்து வைத்தே செய்யுங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நாளைக் காலை விரல்கள் விறைத்திருக்கும்போதே, எழுந்திருக்கும் முன் போர்வைக்குள் மூன்று நிமிடம் தொடங்கிப் பாருங்கள்.